அழாத குழந்தையை முதலில் பாருங்கள்!

வீல் வீலென்று அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறோம். அழாமல் துவண்டு கிடக்கிற குழந்தையை, "பாவம், அசந்து தூங்குது. எழுப்பாதே" என்று தொட்டிலில் விட்டுவிடுகிறோம். இந்த இரண்டில் எந்தக் குழந்தைக்கு ஆபத்து அதிகம்?

இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் நானே ஒரு நாள் தவறு செய்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் உங்களுக்குப் புத்தி சொல்வது நியாயம் இல்லை. அதனால் முதலில் என் கதையையே சொல்லிவிடுகிறேன்.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து, திருமங்கலம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வைத்தியசாலை போட்டு நாலைந்து வருஷம் ஆகியிருந்த நேரம். நடந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. அன்று ஊரில் சந்தை. கூட்டம் திண்ணை வரைக்கும் நின்றது. வந்தவர்களுக்கெல்லாம் அட்டையில் எண் எழுதிக் கொடுத்து, எண்படி கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை தப்பாமல் பார்ப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. பணக்காரர் வந்தாலும் சரி, பஞ்சாயத்துத் தலைவர் வந்தாலும் சரி, அட்டை வாங்கிக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

பதினாலாம் எண் ஒரு இளம் தாய். மடியில் ஏழெட்டு மாதக் குழந்தை. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. "தண்ணி குடுத்தா இன்னும் ஜாஸ்தியாப் போகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதால், தண்ணீரும் கொடுக்கவில்லை, பாலையும் குறைத்துவிட்டார்கள். சுற்றிலும் சளி பிடித்த பிள்ளைகளும் காதுவலிப் பிள்ளைகளும் கத்திக்கொண்டிருக்க, இந்தக் குழந்தை மட்டும் சத்தமே இல்லாமல் தாய் மடியில் கிடந்தது. ஒன்றரை மணி நேரம் அப்படியே கிடந்தது.

பதினாலைக் கூப்பிட்டேன். குழந்தையின் கையைத் தொட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. கை ஜில்லென்று இருந்தது. கண் குழிந்து, உச்சிக்குழி பள்ளமாகிக் கிடந்தது. உடனே ஒரு அம்பாசடர் காரைப் பிடித்து மதுரைக்குக் கிளம்பினோம். கப்பலூர் தாண்டியபோது மூச்சு நின்றுவிட்டது.

நான் அந்தக் குழந்தைக்குத் தவறான மருந்து எதுவும் கொடுக்கவில்லை. மருந்தே கொடுக்கவில்லை. எல்லோரையும் போல வரிசையில் உட்கார வைத்தேன். அதுதான் நான் செய்த தவறு.

வரிசை எங்கே நியாயம், எங்கே அநியாயம்?

ரேஷன் கடையில், பாங்கியில், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில், எங்கேயும் முதலில் வந்தவருக்கு முதலில் என்பதுதான் நியாயம். நடுவில் ஒருவர் புகுந்தால் சும்மா விடமாட்டோம். ஆனால் நோயுற்ற குழந்தைகள் கூடுகிற இடத்தில் இந்த நியாயம் செல்லாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, "யார் முதலில் வந்தது?" என்பது இல்லை. "யாரால் காத்திருக்க முடியாது?" என்பதுதான்.

இதைத்தான் ஆங்கில மருத்துவத்தில் 'டிரையேஜ்' என்கிறார்கள். பிரெஞ்சுச் சொல். நம் ஊரில் பருத்தியைத் தரம் பிரிக்கிறோம் இல்லையா, அதே பொருள்தான். சுமார் இருநூறு வருஷத்துக்கு முன்பு, நெப்போலியன் படையில் இருந்த லாரே என்ற அறுவை மருத்துவர், காயம்பட்டவர்களை அதிகாரி, சிப்பாய் என்று பார்க்காமல், காயத்தின் கடுமையைப் பார்த்தே சிகிச்சை கொடுக்கத் தொடங்கினார். போர்க்களத்தில் பிறந்த அந்தப் பழக்கம், குழந்தைகள் பிரிவுக்கு முறையாக வந்து சேர வெகுகாலம் ஆயிற்று.

உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஒரு பயிற்சி முறையை வகுத்து, 2005-இல் கையேடாகவும் வெளியிட்டது. அது குழந்தைகளை மூன்றாகப் பிரிக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்தான அறிகுறி இருந்தால், அந்த நிமிஷமே சிகிச்சை. ஆபத்தாக மாறக்கூடிய அறிகுறி இருந்தால், வரிசையில் முன்னால் இடம். இரண்டும் இல்லாத பிள்ளைகள் மட்டும் வழக்கம்போல் வரிசையில் இருக்கலாம்.

'இவ்வளவுதானா? இதில் என்ன பெரிய புதுமை?' என்று தோன்றுகிறதா? ஆப்பிரிக்காவில் மலாவி என்று ஒரு ஏழை நாடு. அங்கே பிளான்டயர் நகரத்துப் பெரிய அரசு ஆஸ்பத்திரியில், 2001 வாக்கில் குழந்தைகள் பிரிவை இந்த முறைப்படி மாற்றி அமைத்தார்கள். வாசலிலேயே பிள்ளைகளைப் பிரிப்பது, அவசரப் பிள்ளைக்கு அங்கேயே சிகிச்சை தொடங்குவது, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என்பவைதான் முக்கியமான மாற்றங்கள். அதற்கு முன்பு அங்கே சேர்க்கப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 10 முதல் 18 வரை இறந்துகொண்டிருந்தன. மாற்றத்துக்குப் பிறகு அது 6 முதல் 8 ஆகக் குறைந்தது. வரிசையை மாற்றியதும் வேலையைப் பிரித்துக்கொண்டதுமே இத்தனை பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

பிள்ளை உடம்பு கடைசி வரை தாங்கும், பிறகு சட்டென்று சாயும்

பெரியவர்களுக்கு உடம்பு மோசமாகும்போது படிப்படியாகத் தெரியும். குழந்தைகள் அப்படி இல்லை. உடம்பில் நீர் குறைந்தாலும், ரத்தத்தில் நஞ்சு ஏறினாலும், குழந்தையின் இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கும். கை கால் தோலுக்குப் போகிற ரத்தத்தைக் குறைத்து, மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும். அதனால்தான் முதலில் கையும் காலும் ஜில்லிடுகின்றன. இந்த நிலையில் ரத்த அழுத்தம் பார்த்தால்கூடச் சரியாகவே இருக்கும். அது இறங்கும் நேரம், ஏறக்குறைய கடைசி நேரம்.

பச்சிளங்குழந்தையின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். நமக்கு ஒரு நாள் பேதியானால் சோர்வோடு போய்விடும். ஆறு கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அதே ஒரு நாள் பேதி, உயிர்ப் பிரச்சினையாகிவிடும்.

அழுவதற்குத் தெம்பு வேண்டும். உரக்க அழுகிற குழந்தைக்கு மூச்சுப் பாதை திறந்திருக்கிறது, நெஞ்சில் காற்று போகிறது, மூளை விழித்திருக்கிறது. அதற்காக அழுகிற பிள்ளையை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. நேற்று வரை அழுத பிள்ளை, இன்று குணமாகாமலே அழுகையை நிறுத்திவிட்டால், அதுதான் கவலைப்பட வேண்டிய நேரம்.

பார்வை, மூச்சு, நிறம்

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு எளிய முறையைப் பயிற்சியில் சேர்த்தது. கருவி எதுவும் இல்லாமல், குழந்தையைத் தொடுவதற்கு முன்பே, அரை நிமிஷத்தில் மூன்று விஷயங்களைப் பார்ப்பது. குழந்தையின் தோற்றம், மூச்சு விடுவதற்கு அது படும் பாடு, தோலின் நிறம். இன்று உலகம் முழுவதும் குழந்தைகள் அவசரப் பிரிவு நர்ஸ்கள் இதைப் பழகுகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் எண்வகைத் தேர்வுதான் நினைவுக்கு வந்தது. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்று எட்டையும் பார்க்கச் சொல்லித்தான் சித்த மருத்துவத்தில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கைக்குழந்தைக்கு நாடி பிடித்துப் பார்ப்பது எளிதில்லை. ஆனால் நிறமும் விழியும் மொழியும் யார் கண்ணுக்கும் காதுக்கும் தப்பாது. குழந்தைக்கு மொழி என்றால் அழுகைதானே? படித்த பாடம் கையில் இருந்தும், அன்று நான் என் மேஜையை விட்டு எழுந்து திண்ணையைப் பார்க்கவில்லை. தெரிந்திருப்பது வேறு, அதைத் தினமும் செய்வது வேறு.

நீங்கள் வீட்டில் எப்படிப் பார்ப்பது?

முதலில் தோற்றம். உங்களைப் பார்த்து முகம் மலருகிறதா? பொம்மையையோ சாவிக்கொத்தையோ காட்டினால் கண் அதன் பின்னால் போகிறதா? தூக்கினால் உடம்பு வாழைத்தண்டு மாதிரி தொங்குகிறதா?

அடுத்தது மூச்சு. சட்டையைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். சட்டையோடு பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா? மூக்கு விடைக்கிறதா? ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறதா? பிள்ளை அமைதியாக இருக்கும்போது, கடிகாரத்தை வைத்து ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயசு வரை 50 அல்லது மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயசு வரை 40 அல்லது மேல் இருந்தால், அது வேக மூச்சு. உடனே காட்ட வேண்டும்.

மூன்றாவது நிறம். உதடும் நாக்கும் நீலம் பாரித்திருக்கிறதா? உடம்பு வெளிறி, சாம்பல் பூத்தமாதிரி இருக்கிறதா? நம் ஊர்ப் பிள்ளைகளின் நிறத்துக்கு உள்ளங்கை, உள்ளங்கால், உதட்டின் உட்புறம் பார்த்தால் தெளிவாகத் தெரியும். விரல் நகத்தை மூன்று விநாடி அழுத்திவிட்டு எடுங்கள். வெளுத்த இடம் மூன்று விநாடிக்குள் பழையபடி சிவக்க வேண்டும். கையும் ஜில்லிட்டு, சிவக்க நேரமும் ஆனால், மறு யோசனையே வேண்டாம், கிளம்புங்கள்.

மதுரையில் இப்போது என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-இல் வந்தது. அதற்கு முன்பு நான் பிடித்த அம்பாசடர் கார்தான் கிராமத்துக்கு ஆம்புலன்ஸ். 2017-க்குப் பிறகு, அரசு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளைச் சீரமைக்க மாநில அளவில் ஒரு திட்டம் நடைமுறைக்கு வந்தது. விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், விஷம் ஆகியவற்றோடு குழந்தைகளின் அவசரநிலையும் அதில் தனி அங்கமாகச் சேர்க்கப்பட்டது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் வைத்து நோயாளிகளைப் பிரிப்பதும் அதில் உண்டு. மதுரை மக்கள் 'பெரியாஸ்பத்திரி' என்று சொல்லும் அரசு இராஜாஜி மருத்துவமனை, மதுரை மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி என்று சுற்றுவட்டாரம் முழுவதும் முடியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவது அங்கேதான்.

ஆனால் சுவரில் மூன்று வண்ணம் அடித்துவிட்டால் மட்டும் புது முறை வந்துவிடாது. வாசலில் முதலில் பிள்ளையைப் பார்ப்பது யார்? டாக்டர் இல்லை. காவலாளி, சீட்டு எழுதுகிறவர், துப்புரவுப் பணியாளர், இவர்கள்தான். அதனால்தான் அபாய அறிகுறிகளை அவர்களுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கையேடு சொல்கிறது. சீட்டு போட்ட பிறகுதான் சிகிச்சை என்ற பழக்கம், அவசரப் பிள்ளைக்கு மட்டுமாவது மாற வேண்டும். "இந்தப் பிள்ளை முதலில்" என்று நர்ஸ் சொன்னால், அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்க வேண்டும். இதெல்லாம் ஒரு நாள் வகுப்பில் வந்துவிடாது. திரும்பத் திரும்பப் பழக வேண்டும்.

இன்னொரு தடையும் இருக்கிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், அது நாம்தான்!

கொஞ்ச நாள் முன்பு எங்கள் வைத்தியசாலைக்கு ஒரு அப்பத்தா, ஒன்றரை வயசுப் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "சளிதான் வைத்தியரய்யா. நேத்து வரைக்கும் ஒரே அழுகை. இன்னிக்கு தேவலை, சத்தம் இல்லாமப் படுத்திருக்கான். ஒரு கஷாயம் குடுங்க, போதும்" என்றார். வாசலில் எங்களிடம் வேலை பார்க்கிற அம்மா பிள்ளையின் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, டோக்கன் கொடுக்காமல் நேராக என்னிடம் கூட்டிவந்தார். நெஞ்சில் குழி விழுந்துகொண்டிருந்தது. உதடு மங்கியிருந்தது. நான் கஷாயம் கொடுக்கவில்லை. 108-க்குப் போன் செய்து, நானும் கூடவே போனேன்.

மதுரையில் அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரே ஒரு பார்வை பார்த்தார். பிள்ளையை வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டார். வெளியே வரிசையில் நின்றவர்களுக்கு வந்ததே கோபம்! "நாங்க காலைலேர்ந்து நிக்கிறோம். இவங்க மட்டும் என்ன பெரிய ஆளா?" என்று ஒருவர் சத்தம் போட்டார். அப்பத்தா பயந்துபோய், "நாம வேணா வரிசையிலயே நிப்போமா, அய்யா?" என்று என்னிடம் கேட்டார். பதினாலாம் எண் தாயும் இப்படித்தானே பேசாமல் உட்கார்ந்திருந்தார்!

சத்தம் போட்டவரிடம் போய், "தம்பி, உங்க பிள்ளை எங்கே?" என்று கேட்டேன். அம்மா இடுப்பில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. "உங்க பிள்ளையைக் காக்க வைக்கலாம்னு அந்த நர்ஸம்மா முடிவு பண்ணினதுக்கு நீங்க சந்தோஷப்படணும்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்தப் பையன் பிழைச்சுக்குவானா சார்?" என்று கேட்டார். பையனுக்கு நிமோனியா. ஆக்சிஜனும் ஊசி மருந்தும் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் வீடு திரும்பினான்.

கேட்டது கிடைக்காவிட்டால் சண்டை போடாதீர்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனதும் நம்மவர்கள் கேட்கிற முதல் வரம், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர்" என்பது. பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் நடக்கிறது என்று நினைப்பு. இதிலும் மருத்துவம் மாறியிருக்கிறது.

உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளில் 3,141 குழந்தைகளை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு 2011-இல் வெளிவந்தது. கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு நரம்பு வழியே வேகமாக நீர் ஏற்றினார்கள். மற்றவர்களுக்கு அப்படி ஏற்றவில்லை. இரண்டு நாளுக்குள், வேகமாக ஏற்றப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் இறந்தனர். ஏற்றப்படாதவர்களில் ஏழு பேர். எல்லோரும் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. அதன் பிறகு, எந்தப் பிள்ளைக்கு, எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் என்று அளந்து, நடுநடுவே பிள்ளையைப் பார்த்துப் பார்த்து ஏற்றுவதில் கவனம் கூடியது. பேதியால் நீர் வற்றிய பிள்ளைகள் அந்த ஆய்வில் இல்லை; கடுமையாக நீர் வற்றிய பிள்ளைக்கு நரம்பு வழி நீர் இன்றைக்கும் உயிர் காக்கும். ஆகவே அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

சாதாரண பேதிக்கு வாய்வழி உப்புச் சர்க்கரைக் கரைசலே போதும். 1971 வங்கதேசப் போரின்போது எல்லையில் பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்தக் கரைசலை டிரம்மில் கலக்கி, குடும்பத்தார் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த இடத்தில், சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. அவருக்கு 2023-இல், இறந்த பிறகு, பத்மவிபூஷண் கொடுக்கப்பட்டது. கரைசலின் மகிமை தெரிந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், இன்னும் நம் வீடுகளில் "தண்ணி குடுத்தா ஜாஸ்தியாப் போகும்" என்கிற பேச்சு ஓயவில்லை! புது முறையைக் கண்டுபிடிப்பதைவிட, அதைப் பழக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் கடினம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். பொடியை, பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் (பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டர்), காய்ச்சி ஆறவைத்த நீரில் கரையுங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும், இரண்டு வயசுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். டாக்டர் துத்தநாக மாத்திரை கொடுத்தால், பேதி நின்ற பிறகும் 14 நாள் முழுவதும் கொடுக்க வேண்டும்.

எங்களிடம் வருவதற்கும் ஒரு நேரம் உண்டு

சித்த மருத்துவன் ஒருவனே இப்படி ஆஸ்பத்திரிக்குப் போ, ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறானே என்று சில வாசகர்களுக்குத் தோன்றலாம். என் மருத்துவத்தின் மேல் எனக்குக் குறையாத நம்பிக்கை உண்டு. பசியின்மைக்கும், சாதாரணச் சளிக்கும், செரியாமைக்கும் நாங்கள் கொடுக்கிற மருந்துகளைத் தலைமுறை தலைமுறையாக வீடுகள் பார்த்திருக்கின்றன. ஆனால் மூச்சுத் திணறுகிற பிள்ளைக்கு வேண்டியது ஆக்சிஜன். அது என்னிடம் இல்லை. இல்லாததை இல்லை என்று சொல்வது வைத்தியனுக்கு அழகு.

டெங்கு நாட்களில் நிலவேம்புக் குடிநீர் கேட்டு வருகிறார்கள், கொடுக்கிறோம். அது ஆஸ்பத்திரிக் கண்காணிப்புக்குப் பதில் ஆகாது. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஓரிரு நாள்தான் ஆபத்தான நாள். "காய்ச்சல் விட்டிருச்சு" என்று நிம்மதியாகிற நேரத்தில் வயிற்றுவலி, விடாத வாந்தி, சோர்வு, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் என்று எது வந்தாலும் உடனே போக வேண்டும்.

மாந்தம் என்று உரைமருந்து, சிக்கிக்கொண்டது என்று தொக்கம் எடுப்பது, பயந்துவிட்டான் என்று மந்திரிப்பது என வீடு வீடாக ஒரு சுற்று உண்டு. நம்பிக்கையைக் குறை சொல்ல நான் வரவில்லை. கீழே பெட்டியில் இருக்கும் அறிகுறிகளில் ஒன்று தெரிந்தால், அந்தச் சுற்று வேண்டாம். என் வைத்தியசாலைக்கும் வர வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி. திருநீறு பூச வேண்டுமென்றால் ஆம்புலன்ஸில் பூசிக்கொள்ளலாம்.

வாசலில் பதற்றத்தில் கதை முழுவதும் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். நாலே விஷயம் போதும். பிள்ளையின் வயசும் எடையும். என்ன தொந்தரவு, எப்போதிலிருந்து. கடைசியாக எப்போது குடித்தது, எப்போது சிறுநீர் போனது. இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள். நாட்டு மருந்து கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைத்தால், பாதிக்கப்படுவது பிள்ளைதான். எடையை ஏன் கேட்கிறேன் என்றால், குழந்தைக்கு மருந்தின் அளவே எடையை வைத்துத்தான். தடுப்பூசி அட்டையில் எழுதிவைத்திருந்தால் ஒரு நிமிஷம் மிச்சம்.

கத்தரித்து வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108, அல்லது கிடைக்கிற வண்டி:

● பால், தண்ணீர் எதுவும் குடிக்க முடியவில்லை; குடித்ததெல்லாம் வாந்தி.

● எழுப்பினாலும் விழிக்கவில்லை, துவண்டு கிடக்கிறது.

● நெஞ்சில் குழி விழுகிறது, முனகல், வேக மூச்சு.

● உதடு, நாக்கு நீலம். உடம்பு சாம்பல் நிறம். கை கால் ஜில்.

● வலிப்பு. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள். கையில் சாவி கொடுப்பதால் பயன் இல்லை. எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் பாருங்கள்.

● கண் குழி, உச்சிக்குழி பள்ளம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை.

● இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், அல்லது உடம்பு அளவுக்கு மீறிக் குளிர்ந்திருப்பது.

● அரளி விதை, எலி மருந்து, பூச்சி மருந்து, மண்ணெண்ணெய் எது வாயில் போனாலும், பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தாலும் சரி. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள்.

● தீக்காயம், சுடுநீர்க் காயம். 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். மை, பற்பசை, மாவு எதுவும் வேண்டாம்.

எங்கள் வைத்தியசாலையில் இன்றும் டோக்கன் உண்டு. ஆனால் குழந்தைகளுக்கு டோக்கன் கொடுக்கும் முன்பு, வாசலில் இருக்கிற அம்மா சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பார்ப்பார். கையைத் தொட்டுப் பார்ப்பார். அரை நிமிஷ வேலை. அந்த அரை நிமிஷத்தை ஒரு தாய் எனக்குக் கற்றுக்கொடுத்தார், தன் பிள்ளையை இழந்து.

இனி நீங்கள் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும்போது, பின்னால் வந்த ஒரு குழந்தையை முன்னால் கூட்டிப்போனால், ஒதுங்கி வழி விடுங்கள். உங்கள் மடியில் இருக்கிற பிள்ளைக்கே ஆபத்து என்று தோன்றினால், கூச்சப்படாமல் எழுந்து நின்று, "என் பிள்ளையை ஒரு தடவை பாருங்க" என்று உரக்கக் கேளுங்கள். பிள்ளையால் அழ முடியாதபோது, அதற்காகக் குரல் கொடுக்க வேண்டியது நாம்தானே!